வாசகர் கேள்வி பதில்: செலவு தாங்குகிற தாவரவியல் படிப்பு எங்கே?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இங்கே தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடிக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றியவை. அவற்றில் செடிகொடியைப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளின் கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். மற்றவை அடுத்த இதழில்.

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: மகள் இந்த வருஷம் மெட்ரிக். கணக்கில் 61, ஃபிசிக்கல் சயன்ஸில் 58, லைஃப் சயன்ஸில் 78 வாங்குகிறாள். தாவரவியல்தான் படிப்பேன், அதுவும் கேப் டவுனில்தான் படிப்பேன் என்கிறாள். அவள் அப்பா பஸ் ஓட்டுகிறார், நான் துணிக்கடையில் பாதி நாள் வேலை. இரண்டு சம்பளமும் சேர்ந்து வருஷத்துக்கு 300,000 ரேண்டைத் தாண்டாது. சொந்தக்காரர்கள் பார்மசி படிக்க வை என்கிறார்கள். ஆனால் போன ஆடி மாதம் கோயிலுக்கு வேப்பிலை என்று சிரிங்கா இலை பறித்துக்கொண்டு வந்தபோது, 'இது வேப்பிலை இல்லம்மா' என்று இலையைப் பிரித்துப் பிரித்துக் காட்டினாள். அந்த ஆசையை எப்படி ஒடிப்பது என்றும் தெரியவில்லை.

பதில்: ஒடிக்க வேண்டாம் அம்மா. உங்கள் மகள் சொன்னது சரி. வேம்பில் நடுக்காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் நேராக வரிசையாக இருக்கும். சிரிங்காவில் அந்தக் காம்பு ஒருமுறை கிளைத்து, அந்தக் கிளையில்தான் சிற்றிலைகள் இருக்கும். வேப்பம்பூ வெள்ளை, சிரிங்கா பூ ஊதா. நம் மாரியம்மன் கோயில்களில் எத்தனையோ பேர் அந்த இலையைக் கையில் வாங்கியிருக்கிறோம், காம்பு எங்கே கிளைக்கிறது என்று பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த மரம் இந்த நாட்டில் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. இப்படிப் பார்க்கிற கண் இருக்கிற பிள்ளையை மாத்திரை எண்ண அனுப்புவதற்கு முன்னால், தாவரவியல் படிக்க உண்மையில் எவ்வளவு ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

முதலில் கேப் டவுன். அந்த ஆசைக்குக் காரணம் இருக்கிறது. கேப் பகுதியில் சுமார் 9,000 வகைப் பூக்கும் தாவரங்கள், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. 1913இல் தொடங்கிய கிர்ஸ்டன்போஷ் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது, காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் போலஸ் உலர்தாவரக் காப்பகம் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, அது 1865இல் தொடங்கியது. இதெல்லாம் பெரிய சொத்து, சந்தேகமே இல்லை. ஆனால் முதல் பட்டத்தில் படிக்க வரும் பிள்ளைக்கு அந்தச் சொத்தில் எவ்வளவு பங்கு கிடைக்கும் என்று பாருங்கள். பிஎஸ்சி முதல் வருஷம் எங்கே சேர்ந்தாலும் வேதியியல், கணக்கு அல்லது புள்ளியியல், செல் உயிரியல், கொஞ்சம் விலங்கியல், கொஞ்சம் தாவரவியல் என்றுதான் போகும். இரண்டாம் வருஷத்தில்தான் செடி கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும், மூன்றாம் வருஷத்தில் இரண்டு முதன்மைப் பாடங்கள் எடுக்கும்போதுதான் முழுசாக வரும். நான்காம் வருஷமான ஆனர்ஸில்தான் ஒரு பேராசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு ஆய்வு செய்கிறார்கள். இங்கே ஊர் முக்கியம், வழிகாட்டும் ஆள் அதைவிட முக்கியம். அதனால் என் யோசனை: முதல் மூன்று வருஷம் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், ஆனர்ஸுக்குக் கேப் டவுன். உங்கள் மகளுக்கு இது தள்ளிப்போடுவது போலத் தோன்றலாம், ஆனாலும் மூன்று வருஷ நல்ல மதிப்பெண்ணோடு போகிறவளுக்கு அங்கே கதவு நன்றாகவே திறக்கும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், கட்டணம் என்று பல்கலைக்கழகங்கள் போடுவது செலவில் ஒரு பாதிதான். இன்னொரு பாதி தங்கும் இடம், சாப்பாடு, விடுமுறைக்கு ஊருக்கு வந்துபோவது. நீங்கள் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறீர்கள், குவாஸுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகம் அதே டர்பனுக்குள் இருக்கிறது. நம்மவர்களுக்குப் பழகிய இடம்தான்: 1961இல் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று பிரித்து வைத்த கல்லூரி, பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இப்போதைய பெயரைப் பெற்றது. உங்கள் தெருவிலேயே அங்கே படித்த அக்காக்கள் இருப்பார்கள், தேடிப்பிடித்துப் பேசுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விண்ணப்பப் படிவத்தில் 'தாவரவியல்' என்று தேடிவிட்டு, இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். பல இடங்களில் அது 'உயிரியல் அறிவியல்', 'உயிர் மற்றும் புவி அறிவியல்', 'பல்லுயிரியல்', 'தாவர அறிவியல்' என்ற பெயர்களுக்குள்தான் இருக்கும். பெயரைப் பார்க்காமல் மூன்றாம் ஆண்டுப் பாடப்பட்டியலைத் திறந்து பாருங்கள்: தாவர வகைப்பாடு, தாவர உடலியங்கியல், சூழலியல் மூன்றும் இருக்கிறதா? குவாஸுலு-நட்டாலில் வெஸ்ட்வில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் இரண்டு வளாகங்களிலும் உயிரியல் துறை இயங்குகிறது. எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எந்த வருஷம் என்று சேரும் முன்பே துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் வருஷத்தில் திடீரென்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகவேண்டி வந்தால் உங்கள் கணக்கே மாறிவிடும்.

அப்புறம் பணம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 350,000 ரேண்டுக்குள் இருந்தால் நெஸ்ஃபாஸ் என்று எல்லோரும் சொல்கிற அரசு நிதியுதவிக்கு உங்கள் மகள் வரம்புக்குள் வருகிறாள். 2018இலிருந்து புதிதாகச் சேரும் இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது கடன் இல்லை, மானியம். கட்டணம் மட்டுமில்லாமல் தங்குமிடம் அல்லது போக்குவரத்து, புத்தகம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பம் வேறு, நெஸ்ஃபாஸ் விண்ணப்பம் வேறு. ஒன்றைப் போட்டால் இன்னொன்று தானாக நடந்துவிடும் என்று நம்பி ஏமாந்தவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள். நெஸ்ஃபாஸ் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. 'நான் போட்டுத் தருகிறேன், 500 ரேண்ட் கொடு' என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். பெற்றோர் இருவரின் அடையாள அட்டை நகலையும் சம்பளச் சீட்டையும் இப்போதே ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

குவாஸுலு-நட்டால் மாநிலத்தின் பல்கலைக்கழகங்களுக்கு டர்பனில் இருக்கும் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக ஒரே படிவத்தில் பல இடங்களை வரிசைப்படுத்திப் போடலாம், கடைசித் தேதி வழக்கமாகச் செப்டம்பர் 30. தாமதமாகப் போட்டால் விண்ணப்பக் கட்டணமே கூடிவிடும். கேப் டவுனுக்கும் ஸ்டெல்லன்போஷுக்கும் தனித்தனியாகப் போடவேண்டும், அங்கே வாசல் ஜூலைக் கடைசியோடு மூடிவிடுவது வழக்கம். பிள்ளை ஆசைப்படுவதால் அதையும் ஒரு விண்ணப்பமாகப் போட விடுங்கள், முழு உதவித்தொகை கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்.

படிவத்தில் இரண்டாவது இடத்துக்கு ஸுலுலாந்து பல்கலைக்கழகத்தை எழுதச் சொல்வேன். குவாட்லங்கேஸ்வாவில் இருக்கிறது, எம்பாங்கேனிக்குத் தெற்கே. நம் வீடுகளில் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள், அது நியாயமில்லை. தாவரவியலுக்கென்று தனித் துறை வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் ஒங்கோயே காடு இருக்கிறது. 1895இல் தாவரவியலாளர் மெட்லி வுட் அந்தக் காட்டில்தான் ஒரு ஈந்துப்பனை (சைக்கட்) வகையைக் கண்டுபிடித்தார், அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். உலகம் முழுவதும் இன்று இருக்கும் அந்த இனத்துச் செடிகள் அத்தனையும் அவர் கண்ட ஒரே ஆண் செடியின் பக்கக் கன்றுகளிலிருந்து வந்தவை, பெண் செடி இன்றுவரை அகப்படவில்லை. அந்த மூலச் செடியின் பாகங்களை டர்பன் தாவரவியல் பூங்காவிலேயே போய்ப் பார்க்கலாம். காட்டோரத்தில் இருக்கும் துறையில் படிப்பது தாவரவியல் பிள்ளைக்கு என்ன லாபம் என்று இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. ஆனால் அங்கே விடுதியில்தான் தங்கவேண்டும். நெஸ்ஃபாஸ் உறுதியாகும் முன்னால் தனியார் அறைக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

ஒரு துறை நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பல்கலைக்கழகத்தைச் சுற்றிக்காட்டும் 'ஓப்பன் டே' அன்று போகும்போது அழகான கட்டடத்தைக் காட்டுவார்கள். மகளை, 'உலர்தாவரக் காப்பகத்தைப் பார்க்கலாமா?' என்று கேட்கச் சொல்லுங்கள். அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டுவார்கள்: செடியை வேரோடும் பூவோடும் நாளிதழுக்குள் அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டி, வலப்பக்கக் கீழ் மூலையில் யார், எந்த ஊரில், எந்தத் தேதியில், என்ன மண்ணில் எடுத்தார் என்று எழுதியிருக்கும். அதில் தேதியைப் பாருங்கள். எல்லாத் தாளும் ஐம்பது வருஷம் பழசு, அண்மையில் மாணவர் பெயரில் ஒன்றுகூட இல்லை என்றால் அந்தத் துறை வெளியே போவதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். போன வருஷத்து மாணவர் எடுத்த தாள் இருந்தால் உங்கள் மகளையும் காட்டுக்குக் கூட்டிப் போவார்கள். கூடவே கேளுங்கள்: களப்பயணச் செலவு கட்டணத்துக்குள்ளேயா, தனியாகவா? தனி என்றால் வருஷத்துக்கு எவ்வளவு?

இன்னொரு எச்சரிக்கை. நெஸ்ஃபாஸ் முதல் பட்டத்துக்கு மட்டும்தான், ஆனர்ஸுக்குத் தராது. அப்போது தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகைக்குப் போடலாம், அது தேவையையும் மதிப்பெண்ணையும் பார்த்துத் தருவது, பல்கலைக்கழகம் வழியாகவே விண்ணப்பிக்கவேண்டும். அதனால் முதல் வருஷத்து வேதியியலிலேயே மதிப்பெண்ணை விட்டுவிடக் கூடாது. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த ஃபிசிக்கல் சயன்ஸில் 58 வாங்கும் பிள்ளைக்கு அங்கேதான் சறுக்கும். இந்த டிசம்பர் விடுமுறையில் அவள் உட்கார்ந்து படிக்கவேண்டியது வேதியியல், செடியை அவள் தானாகவே படித்துக்கொள்வாள்.

லேடிஸ்மித்திலிருந்து 26 வயது இளைஞர்: கிடங்கில் வேலை பார்க்கிறேன். மெட்ரிக்கில் கணிதத்துக்குப் பதில் மேத்ஸ் லிட் என்ற எளிய கணக்குப் பாடம்தான் எடுத்தேன். பிறகு நெஸ்ஃபாஸ் பணத்தில் ஒரு வருஷம் காமர்ஸ் படித்துப் பாதியில் விட்டேன். யூனிசாவில் அஞ்சல் வழியில் தாவரவியல் படித்தால் மலிவாக முடியுமா?

பதில்: தம்பி, யூனிசாவில் பாடம் பாடமாகப் பணம் கட்டலாம், வேலையை விடவேண்டியதில்லை. அது பெரிய வசதி. ஆனால் தாவரவியலில் ஆய்வக வகுப்பு இருக்கிறது. அதை வீட்டு மேசையில் செய்யமுடியாது, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஃபுளோரிடாவில் இருக்கும் அவர்களுடைய அறிவியல் வளாகத்துக்குப் போகவேண்டும். லேடிஸ்மித்திலிருந்து போகவர பஸ் செலவு, தங்கும் செலவு, கிடங்கில் லீவு எடுத்தால் பிடிக்கும் சம்பளம், இதையெல்லாம் கட்டணத்தோடு சேர்த்துக் கூட்டிவிட்டு அப்புறம் மலிவா என்று பார். எந்தெந்தப் பாடத்துக்கு நேரில் வரவேண்டும், எத்தனை நாள் என்று பதிவு செய்யும் முன்பே கேள்.

அதற்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. பிஎஸ்சிக்கு மேத்ஸ் லிட் செல்லாது. கணிதம் வேண்டும், பெரும்பாலும் நான்காம் நிலை, அதாவது 50க்கு மேல். கல்வித்துறையின் இரண்டாம் வாய்ப்பு மெட்ரிக் திட்டம் இருக்கிறது, பணம் கிடையாது, கணிதத்தை மட்டும் எடுத்து எழுதலாம். ஒரு வருஷம் போகும். ஆனால் கணக்கைத் தாண்டாமல் எதில் பதிவு செய்தாலும் அந்தப் பணம் வீண்தான். நெஸ்ஃபாஸ் ஏற்கெனவே உனக்கு ஒரு வருஷம் கட்டியிருப்பதால் அந்த வருஷத்தையும் கணக்கில் சேர்ப்பார்கள், படிப்பின் காலத்துக்கு மேல் ஒரு வருஷம்தான் கூடுதலாகத் தருவது அவர்கள் விதி. உனக்கு மிச்சம் எத்தனை வருஷம் என்று முதலில் விசாரி.

இன்னொரு வழியும் இருக்கிறது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை டிப்ளமோ இருக்கிறது. பட்டத்தைவிடக் குறைந்தது என்று யாராவது சொன்னால் கேட்காதே. நாற்றங்கால், ஒட்டுப்போடுதல், மண், நகரப் பூங்கா வேலை என்று கையால் செய்து கற்பது. பட்டம்தான் வேண்டுமா, செடியோடு வேலை வேண்டுமா என்று உன்னையே கேட்டுப் பார். இரண்டாவது என்றால் இந்த வழி சீக்கிரம் முடியும். என்ன பாடத் தகுதி கேட்கிறார்கள் என்று அந்த வருஷத்து விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவிலிருந்து ஒரு தகப்பனார்: வருமானம் நெஸ்ஃபாஸ் வரம்புக்கு மேலே, ஆனால் முழுக் கட்டணம் கட்டும் அளவுக்கு இல்லை. திருச்சியில் இருக்கும் உறவினர் பையனை அங்கே அனுப்பு, தமிழும் வரும், செலவும் குறைவு என்கிறார்.

பதில்: ஐயா, தமிழ்நாட்டில் தாவரவியலுக்கு நல்ல கல்லூரிகள் உண்டு என்பது உண்மை. உங்கள் உறவினர் ஊரிலேயே தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது, தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றி அங்கே பெரிய வேலை நடந்திருக்கிறது. தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகமே ஒரு புதர்க்காடு. ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகள் கட்டும் கட்டணத்தை வைத்து உறவினர் கணக்குப் போடுகிறார். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் போகிறவருக்குக் கட்டணம் வேறு. அதோடு விசா, விமானம், விடுதி. நெஸ்ஃபாஸோ இங்கேயுள்ள பெரும்பாலான உதவித்தொகைகளோ அங்கே வராது. இந்தியக் கலாசார உறவுக் கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது, இந்தியத் தூதரகம் வழியாக விசாரித்து அது கிடைத்தால் மட்டும் இந்தப் பேச்சை எடுங்கள். திரும்பி வந்தபின் பட்டத்தைத் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்தில் மதிப்பீடு செய்யவேண்டும். எல்லாவற்றையும்விட, பையன் மூன்று வருஷம் கொல்லிமலைச் செடியைக் கற்றுக்கொண்டு இங்கே வந்து புல்வெளிச் செடியை முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

லெனேஷியாவிலிருந்து போய்வரும் தூரத்திலேயே இரண்டு இடம் இருக்கிறதே! ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தாவரவியலும் தாவர உயிர்த்தொழில்நுட்பமும் சேர்ந்த துறை உண்டு. விட்ஸ் என்று சொல்கிற விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மாஸ் உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. பையனை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, கட்டணத்தை மட்டும் எப்படிச் சமாளிப்பது என்று பாருங்கள். 350,000க்கும் 600,000க்கும் இடையில் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 2024இல் அரசு ஒரு கடன் திட்டத்தை அறிவித்தது, அறிவியல் பாடங்களுக்கு அதில் முன்னுரிமை. அது போக, நீங்கள் வேலை செய்யும் துறைக்கான தொழிற்பயிற்சி ஆணையமான செட்டாவில் பிள்ளைகளுக்கு உதவித்தொகை இருக்கிறதா என்று கேளுங்கள். இயற்கைப் பாதுகாப்புத் துறை கேத்செட்டாவின் கீழ் வருகிறது, வேளாண்மைக்குத் தனிச் செட்டா இருக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் இந்த வாசலைத் தட்டுவதே இல்லை. மதிப்பெண் நன்றாக இருந்தால் பல்கலைக்கழகமே முதல் வருஷத்தில் கட்டணத்தைக் குறைக்கும். தமிழை வீட்டில் பேசுங்கள் ஐயா, அதற்குத் திருச்சி வரை அனுப்பவேண்டாம்.

ஃபீனிக்ஸிலிருந்து 11ஆம் வகுப்பு மாணவி: தாவரவியல் படித்தால் வேலை கிடைக்குமா? இப்போதே நான் என்ன செய்யலாம்?

பதில்: உன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1925இலிருந்து இயங்குகிறது. 1860இல் கப்பலேறி வந்த நம் பாட்டன் பூட்டன் வெட்டிய அதே கரும்பில் புது ரகம் உருவாக்குவதும் நோய் கண்டுபிடிப்பதும் அங்கே தாவர அறிவியல் படித்தவர்களின் வேலை. டர்பனில் உலர்தாவரக் காப்பகம், மாநில வனவிலங்கு அமைப்பு, நகராட்சியின் பல்லுயிர்ப் பிரிவு, சாலையும் வீடும் கட்டும் முன் நிலத்தில் என்ன செடி இருக்கிறது என்று அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனங்கள் என்று இடங்கள் இருக்கின்றன. ஆனால் வெறும் பிஎஸ்சியோடு நின்றால் கஷ்டம். ஆனர்ஸ் முடித்து, இயற்கை அறிவியல் தொழில்முறைக் குழுவில் பதிவு செய்தால்தான் அறிக்கையில் உன் கையெழுத்து செல்லும். எனவே நான்கு வருஷம் என்றே மனதில் வை. ஆசிரியர் வேலைக்கு விருப்பம் இருந்தால் பட்டத்துக்குப் பின் ஒரு வருஷக் கல்விச் சான்றிதழ், அதற்கு ஃபுன்ஸா லுஷாகா உதவித்தொகை இருக்கிறது.

இப்போதே செய்யவேண்டியது: மேத்ஸை விட்டு மேத்ஸ் லிட்டுக்கு மாறாதே, யார் என்ன சொன்னாலும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கு, பெரிய விலை இல்லை. சாட்ஸ்வொர்த்தில் சில்வர்கிளென் காப்பகத்தில் நகராட்சியின் மூலிகை நாற்றங்கால் இருக்கிறது, நாட்டு மருத்துவர்கள் வெட்டி வெட்டிக் காட்டில் அருகிப்போன மிளகுப்பட்டை மரத்தையும் காட்டு இஞ்சியையும் அங்கே வளர்க்கிறார்கள், ஒரு சனிக்கிழமை போய்ப் பார். அப்புறம் 'க்ரூ' என்று அரிய காட்டுப்பூக்களைத் தேடிப் பதிவு செய்யும் தன்னார்வலர் குழு ஒன்று நம் மாநிலத்திலும் இயங்குகிறது, தேசியப் பல்லுயிர் நிறுவனத்தின் ஏற்பாடு. பெரியவர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சேர். தொப்பி, தண்ணீர், பழைய நாளிதழ் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போ.